மட்குண்ணிகளும் அவற்றின் பெயரும்

கும்பிடுபூச்சியைக் கூண்டில் வளர்த்து மாணவர்க்குக் காட்டுதல் நற்பயன் தருவதாகும். முட்டைக் கூட்டினின்று குஞ்சுகள் வெளிவருதலையும், அவை தோலுரித்து வளர்தலையும் புத்தகத்தைக் காட்டிலும் கூண்டு தெளிவாக விளக்கும். எனினும் சில நாட்களிலேயே கூண்டு அழுக்கடைந்துவிடுகிறது. கும்பிடுபூச்சி இரையின் சிறகையும் காலையும் கீழே உதிர்த்துவிடும். அவற்றின் மீதும் எச்சத்தின் மீதும் பூஞ்சணம் படர்கிறது.

இதற்குப் பரிகாரமாக, கூண்டின் அடியில் ஈரமண்ணும் உலர்ந்த இலையும் பரப்பி, ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிங்டெயில்’ எனப்படும் சிற்றுயிர்களை அதில் விடும் முறை உண்டு. இவை பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. வயிற்றின் அடியில் மடங்கியுள்ள கவை போன்ற உறுப்பைத் தெறிக்கவிட்டுத் துள்ளுவதால் இப்பெயர் பெற்றன. ஆறு கால்கள் இருப்பினும், இக்கால வகைப்பாட்டில் இவை பூச்சியினத்தினின்று பிரித்தே வைக்கப்படுகின்றன. பூஞ்சணமும் மட்கும் பொருளும் இவற்றின் உணவு. ஈரமான மரக்கரித் துண்டுகள் இட்ட புட்டியில் சிறிது ஈஸ்டைத் தூவி இவற்றைப் பெருக்கலாம்.

முறை நன்று. ஆயினும் இதனைப் பிறர்க்கு எடுத்துரைக்குங்கால் இரண்டு தவறுகள் நேர இடமுண்டு.

முதலாவது, இவை நமக்காக ஊழியம் செய்கின்றன என்று எண்ணி, நாம் கையைக் கட்டிக்கொண்டிருப்பது. இவை தம் பசிக்கு உண்கின்றனவேயன்றி நமக்குப் பணிபுரியவில்லை. ஈரம் வற்றினால் மடிந்துவிடும். கூண்டின் சுவரில் ஒட்டிய கறை இவற்றால் நீங்காது. காற்றோட்டமின்றி ஈரத்தை மட்டும் மிகுத்தால் பூஞ்சணமே பெருகும். உண்ணாது எஞ்சிய வெட்டுக்கிளியையோ சிள்வண்டையோ நாமே அகற்றவேண்டும். தோலுரிக்கத் தலைகீழாகத் தொங்கும் கும்பிடுபூச்சியின் மெல்லுடலை அவை கடித்துவிடக்கூடும்.

இரண்டாவது தவறு இதனினும் பெரிது. இத்தகைய உயிர்களைக் குறிக்கும் ‘ஸ்கேவஞ்சர்’ என்னும் சொல்லைத் தமிழில் ‘தோட்டி’ என்று பெயர்த்தல் பழைய வழக்கு. காகத்தை ‘ஆகாயத் தோட்டி’ என்பதும் அவ்வழி வந்ததே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்னும் முறையில், இச்சொல்லை அறிவியற் பாடத்தினின்று விலக்கவேண்டும் என்பது என் கருத்து. அது ஓர் உயிரின் உணவுப் பழக்கத்தைச் சுட்டும் பெயரன்று. பிறப்பைக் காரணங்காட்டி மனிதர்மீது சுமத்தப்பட்ட வேலையின் பெயர். மனிதரைக் கொண்டு மலம் அள்ளச் செய்வதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிவான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்துள்ளன. சட்டம் விலக்கிய கொடுமையின் பெயரைப் பாடம் ஏன் தாங்கி நிற்கவேண்டும்?

வழக்கில் உள்ள சொல்தானே என்பர் சிலர். வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தை, தன் பெற்றோரைத் தெருவில் இழித்துரைத்த சொல்லையே ஆசிரியர் வாயிலாகக் கேட்கும் நிலையை அவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மேலும், அச்சொல் உண்மைக்கும் மாறானது. சிற்றுயிர் மட்குவதை உண்பது அதன் இயற்கை. மனிதருள் ஒரு சாரார் கழிவை அகற்றியது சமூகத்தின் வற்புறுத்தல். இரண்டையும் ஒரே பெயரால் வழங்கினால், பின்னதும் இயற்கையே என்று இளம் உள்ளம் கொண்டுவிடும்.

புல்லை உண்பதைப் புல்லுண்ணி என்கிறோம். ஊனை உண்பதை ஊனுண்ணி என்கிறோம். அவ்வாறே மட்குவதை உண்பதை மட்குண்ணி என்போம். களப்பணியாளர் தம் துண்டு வெளியீடுகளிலும், ஆசிரியர் தம் வகுப்பிலும் இதனை வழங்குவார்களாக. மட்குண்ணிகள் உண்ணாது விட்டதைத் துடைக்கும் வேலையை எல்லா மாணவர்க்கும் முறைவைத்துப் பகிர்ந்தளிக்கவேண்டும். முதல் முறை ஆசிரியருடையதாகவே இருப்பது நலம்.