வழியில் நிற்கக் கூடாத வண்டி

கோவை காந்திபுரத்தில் காலை ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் ஷேர் ஆட்டோவை நம்பித்தான் ஏறுகிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைகளில் அந்தப் பெயரே கிடையாது. ஓட்டுநர் நீங்கலாக 6 பேர் வரை ஏற்றினால் மோட்டார் கேப். அதற்குமேல் 12 வரை மேக்ஸி கேப். இரண்டுமே கான்ட்ராக்ட் கேரேஜ், அதாவது ஒப்பந்த வண்டி. ஆளுக்குத் தனிக் கட்டணம் வாங்கினாலும் மோட்டார் கேப் அந்த வகைதான் என்று சட்டமே சொல்கிறது. சிக்கல் அடுத்த நிபந்தனையில்: ஒப்பந்தத்தில் இல்லாத பயணியை வழியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது. லட்சுமி மில்லில் ஒருவர் இறங்க, ஹோப் காலேஜில் இன்னொருவர் ஏறுவதுதானே ஷேர் ஆட்டோ! 6 பேர் வரை ஏற்றும் வண்டியை, பஸ் போல வழியில் ஆள் ஏற்றி இறக்கும் ஸ்டேஜ் கேரேஜ் ஆக்கவும் முடியாது. அதற்கு 6 பேருக்கு மேல் ஏற்றும் வண்டி வேண்டும். நிபந்தனையை மீறியதற்கான அபராதத்தை ஓட்டுநர் கட்டிவிடுவார். எனக்குக் கவலை காப்பீடு. விபத்து நேர்ந்தால், பெர்மிட்டுக்குப் புறம்பான பயன்பாடு என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அடிபட்ட மில் தொழிலாளி ஏன் அந்த வழக்கில் அலைய வேண்டும்? மினி பஸ்ஸுக்குத் தமிழக அரசு 1997-இல் தனித் திட்டமே வகுத்தது. இந்தச் சின்ன வண்டிக்கும் வழித்தடம், நிறுத்தம், கட்டணம் மூன்றையும் எழுதிப் பெர்மிட் கொடுங்கள். மத்தியச் சட்டத்தில் ஒரு வரையறையைச் சேர்க்கக் கேளுங்கள்.