கேட்காவிட்டால் கழிப்பார்கள்

கொச்சிக்கடைக் கடைகளில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அண்மையில் நம்மிடம் அதிகம் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல. "அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் வட்டி குறைந்திருக்கிறதே, ஏன்?" என்றுதான்.

காரணம் இதுதான். வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி 2025 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. சேமலாப நிதியாகக் கிடைத்த பத்து இலட்சத்தை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டிருந்தால் வருடத்துக்கு 80,000 ரூபாய் வட்டி வரும். அதில் 8,000 ரூபாய் போய்விடும். 2025இல் இருந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது ஏறக்குறைய ஆறு நாள் பேர்.

ஆனால் அதே மாற்றத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாத ஒருவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் இந்த வரியைக் கழிக்கக் கூடாது. மாதம் ஒன்றரை இலட்சம் சம்பாதிக்கும் வீடு எந்த லயத்தில் இருக்கிறது?

வங்கிகள் முதல் பாதியை ஒரே இரவில் செய்து முடித்தன. கணினியில் வீதத்தை மாற்றினால் போதும், எல்லாக் கிளைகளிலும் கழிவு தொடங்கிவிடும். இரண்டாவது பாதிக்கு மட்டும் நாமே கவுண்டர் தேடிப் போக வேண்டும். அடையாள விபரங்களைப் புதுப்பிக்கச் சொல்லித் தோட்டத்துக்குக் கடிதம் அனுப்பத் தெரிந்த வங்கிகளுக்கு (அது கைக்கு வந்து சேர்கிறதா என்பது வேறு கதை) இந்தப் படிவத்தையும் தமிழில் சேர்த்து அனுப்ப முடியாதா? சட்டத்தை மீறவில்லை என்று அவர்கள் சொல்லலாம். மத்திய வங்கி 2023இல் நிதிப் பாவனையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்ததும் சட்டம்தானே. விளங்காத மொழியில் நீட்டப்படும் தாளில் கைநாட்டு வைக்க நம் தாய்மார் இனியும் சம்மதிக்க வேண்டியதில்லை.

ஏற்கனவே கழித்த பணத்தைக் கேட்க இறைவரித் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும். அந்த அலைச்சல் வராமல் இருக்க இப்போதே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். புதிய வரியாண்டு ஏப்ரலில் தொடங்கும்போது மறுபடியும் கொடுங்கள். வைப்பு இருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் கொடுங்கள். வருமானத்தை மட்டும் குறைத்து எழுதாதீர்கள், பொய்ப் பிரகடனம் குற்றம்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்கு வரும் நம்மவர்கள் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். படிவத்தை வாசித்துச் சொல்லி நிரப்பித் தருகிறோம். தமிழ்ப் படிவம் இல்லை என்று கிளையில் சொன்னால் திகதியையும் கிளையின் பெயரையும் குறித்து வாருங்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுத அவை நமக்குத் தேவை.