ஆய்வுகூட முடிவுகள் பூட்டி வைப்பதற்கல்ல

திருகோணமலையில் காலையில் கரையிறங்கும் மீன் மாலைக்குள் பல ஊர்களுக்குச் சென்றுவிடும். பழுதான ஒரே உணவால் கிண்ணியாவில் இருவரும் கந்தளாயில் மூவரும் நோயுற்றால், அவை தொடர்பற்ற சம்பவங்களாகவே தோன்றும். இரண்டுக்கும் ஒரே பற்றீரியாதான் காரணமா என்பது ஆய்வுகூடங்கள் தமது தரவுகளை ஒப்பிட்டால் மட்டுமே புலப்படும். இதற்காகவே அமெரிக்கா 1996 இல் ‘பல்ஸ்நெற்’ என்னும் ஆய்வுகூட வலையமைப்பை ஆரம்பித்தது.

முடிவுகளைப் பகிர்ந்தால் வியாபாரம் கெடும் என்பர் சிலர். 2011 இல் ஜேர்மனியில் ஈ.கோலை பற்றீரியா பரவி 50 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒப்பீடு முடியுமுன்னரே ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி சுமத்தப்பட்டது, விவசாயிகள் பெருநட்டமடைந்தனர். பின்னர் பிரான்சின் நோயாளரிடமும் அதே வகைப் பற்றீரியா காணப்பட்டது. இரு நாட்டுத் தகவல்களையும் இணைத்துப் பார்த்தபோது, எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைகளே பெரும்பாலும் காரணம் எனத் தெரிந்தது. ஆகவே, வியாபாரியைக் கெடுப்பது பகிர்வன்று; அவசர முடிவே.

நம் நாட்டில் உணவு நஞ்சாதலும் வயிற்றுளைவும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். தொற்றுநோயியல் பிரிவு வாராந்தம் மாவட்ட ரீதியாக எண்ணிக்கையை வெளியிடுகின்றது. எண்ணிக்கை மட்டும் போதாது. பற்றீரியாவின் வகையும் ஆய்வுகூடங்களிடையே பகிரப்பட வேண்டும் என்பதே எனது கருத்து.

மாணவர்களே, கடும் வயிற்றோட்டம் ஏற்பட்டால் கடை மருந்தோடு நின்றுவிடாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே நீங்கள் கொடுக்கும் மாதிரியே முதல் தரவு.