பம்பருக்கு விலை பேசினீர்கள், கழுத்துக்கு?

காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கம் நோக்கிப் போகிறீர்கள். நெரிசலில் பிரேக் போட்டு நிற்கும்போது பின்னால் வந்த வேன் இடிக்கிறது. உடனே இறங்கிப் போய்த் தடவிப் பார்ப்பது எதை? பம்பரை! “ஐயாயிரத்தை வாங்கிட்டு விடுங்க பாய், கோர்ட்டு கேஸுன்னு யார் அலையறது?” என்று ஒருவர் பஞ்சாயத்து பேசுகிறார். காசை வாங்கி, ‘புகார் இல்லை’ என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை!

சகோதரர்களே! இதுதான் விப்லாஷ் எனும் சாட்டையடிக் காயம். இருக்கை உடம்பை முன்னே தள்ள, தலை பின்தங்கி, பிறகு சாட்டை நுனிபோல் முன்னே வீசப்படுகிறது. தசைகளும் நார்களும் இழுபடுகின்றன. வலி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தலைகாட்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலரை வருடக்கணக்கில் வாட்டும். கை மரத்துப்போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

“எலும்பு முறியவில்லையே, எதற்கு நஷ்டஈடு?” என்று இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும். பதில் உங்கள் கையில் காகிதமாக இருக்க வேண்டும். அன்றே புத்தூர் அரசு மருத்துவமனையில் காட்டி, விபத்து என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மருந்துச் சீட்டு ஒன்றையும் கிழித்தெறியாதீர்கள். 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ, வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அது கொடுங்காயம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு. அந்த 15 நாளுக்குச் சாட்சி யார்? மருத்துவரின் எழுத்துதான்!

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் மனுச் செய்யலாம். சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகையில் விழுப்புரத்தில் அடிபட்டாலும், குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். 2022 ஏப்ரல் முதல் கெடு 6 மாதம். இதை எதிர்த்த வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், அதனால் சம்பாத்தியம் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வேண்டும் என 2010-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. கல்லாவில் உட்காருபவரின் கழுத்து வலியும், காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவரின் கழுத்து வலியும் ஒன்றா? (வருமானத்தைக் கணக்கில் காட்டாத வியாபாரிகளே, தீர்ப்பாயத்தில் எதைக் காட்டுவீர்கள்?)

“இன்சூரன்ஸ் பணம் ஆகுமா?” என்று தயங்குவோர் உண்டு. இது நீங்கள் கட்டிய பாலிசியின் லாபமல்ல. இடித்தவன் தர வேண்டிய நஷ்டஈடு!

மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் புரோக்கர்களிடமும் உஷார். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி தடை. புரோக்கருக்கு எங்கிருந்து வந்தது உரிமை? வலியே இல்லாமல் பட்டை கட்டிக்கொண்டு போய் நிற்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய பொய் மனுக்கள் பெருகிவிட்டன என்று சொல்லியே, 2021 மே 31 முதல் கழுத்துக் காயத்துக்கு அரசு குறைந்த தொகைப் பட்டியலைக் கொண்டுவந்தது. அங்கே உண்மையில் வலித்தவனுக்கும் அந்தப் பட்டியல்தான்!