மூச்சு சொல்லும் சேதி யாருக்கு?

புற்றுநோய் பணக்காரன் வீட்டுக்கும் வருகிறது, கூலிக்காரன் வீட்டுக்கும் வருகிறது. ஆனால் பணக்காரனுக்கு அது கடுகளவாக இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. திருத்தணியில் விசைத்தறி ஓட்டுகிறவனுக்கும், திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவளுக்கும் முற்றிய பிறகுதான் தெரிகிறது. காரணம் என்ன? ஆஸ்பத்திரி அடையாறிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கிறது; கூலி இங்கே இருக்கிறது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே வலி பொறுக்க முடியாமல் போகும்வரை தள்ளிப்போடுகிறோம்.

இந்த நிலையில் ஒரு புதுச் சேதி அடிபடுகிறது. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். ஒரு பைக்குள் ஊதினால் போதும், ஒரு குப்பியில் சிறுநீர் கொடுத்தால் போதும், புற்றுநோயைக் கண்டுகொள்ளலாம் என்கிறார்கள். இது புளுகா? புளுகல்ல. ஆனால் கைக்கு வந்துவிட்ட சரக்கும் அல்ல.

நாம் விடும் மூச்சில் ஆவியாகக்கூடிய நூற்றுக்கணக்கான பொருள்கள் மிக நுண்ணிய அளவில் இருக்கின்றன. 1971-ல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங் மூச்சில் சுமார் 250 பொருள்களையும், சிறுநீர் ஆவியில் சுமார் 280 பொருள்களையும் பிரித்துக் காட்டினார். உடம்பின் உயிரணுக்கள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சிலும் சிறுநீரகம் வழியாகச் சிறுநீரிலும் வெளியேறுகிறது. புற்றுநோய் அணு உணவை எரிக்கும் முறையே வேறு. ஆகவே அதன் கழிவும் வேறு. சர்க்கரை வியாதி கடுமையானவரின் மூச்சில் பழவாடை வீசுவதை டாக்டர்கள் அறிவார்கள். அதே தத்துவம்தான் இதுவும்.

2004-ல் இங்கிலாந்தில் ஆறு நாய்களைப் பழக்கினார்கள். ஏழு பேருடைய சிறுநீரை முகர வைத்தார்கள். அதில் ஒன்றுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளியுடையது. குருட்டாம்போக்கில் காட்டினால் 100-க்கு 14 தடவை சரியாக வரும். நாய்கள் 41 தடவை சரியாகக் காட்டின. பழக்கும்போதே, ஆரோக்கியமானவர் என்று கருதப்பட்ட ஒருவருடைய சிறுநீரை நாய்கள் விடாமல் காட்டின. அவரைச் சோதித்தால், சிறுநீரகத்தில் புற்று! ஆச்சரியம்தான். ஆனால் 100-க்கு 59 தடவை தவறின என்பதையும் மறக்கலாகாது.

அதற்குப் பின் பல நாடுகளில் கருவிகள் செய்து பார்க்கிறார்கள். வயிற்றுப் புண்ணுக்கும் வயிற்றுப் புற்றுக்கும் காரணமாகும் கிருமியை மூச்சிலே கண்டுபிடிக்கும் சோதனை நடைமுறைக்கே வந்துவிட்டது, கல்கத்தா எஸ்.என். போஸ் ஆராய்ச்சி நிலையமும் அதற்கொரு கருவி செய்திருக்கிறது. ஆனால் ஊர்மக்கள் அனைவரையும் சோதிக்கத் தக்கது என்று நிரூபணமான மூச்சுச் சோதனை புற்றுநோய்க்கு இன்னும் இல்லை.

நமது கேள்வி இதுதான்: யாருடைய மூச்சைக் கொண்டு இந்தக் கருவிக்குப் பாடம் சொல்லித் தருவார்கள்? நம் மூச்சில் பீடிப் புகை உண்டு, விறகடுப்புப் புகை உண்டு, சாயப்பட்டறை வாடையும் வயலில் தெளித்த பூச்சிமருந்தும் உண்டு. குளுகுளு அறையில் இருப்பவரை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம்மை அளந்தால், இல்லாத நோயை உண்டு என்று சொல்லும். உள்ள நோயை மறைத்துவிடும். சாயத் தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வருவதை 1895-லேயே ஜெர்மன் டாக்டர் லுத்விக் ரேன் எடுத்துச் சொன்னார். அந்த உண்மைக்குச் சாட்சி தொழிலாளியின் உடம்பு. புதிய ஆராய்ச்சியிலும் அவன் கணக்கில் இருக்க வேண்டும்; பலனும் அவனுக்குச் சேர வேண்டும்.

கருவி வரட்டும், அதுவரை காத்திருப்போம் என்று சிலர் சொல்லலாம். ஏன் காத்திருக்க வேண்டும்? திண்டுக்கல் ஜில்லாவில், அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 2000-ல் தொடங்கிய சோதனையைப் பாருங்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நர்சுகள் காடி போன்ற திராவகத்தைத் தடவி, வெள்ளை படிகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். நோய் கண்ட இடத்தில் சிகிச்சை தந்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்று 100-க்கு 25 பங்கும், அதனால் வந்த சாவு 35 பங்கும் குறைந்தன. 2007-ல் உலகம் அறிய வெளிவந்த முடிவு இது. திருவனந்தபுரத்தில் வாயைத் திறந்து பார்த்தே, புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். தேவைப்பட்டது ஒரு நர்ஸ், ஒரு விளக்கு, கொஞ்சம் அக்கறை!

2023-ல் தமிழக அரசு வீடு தேடிச் சோதனைக்கு அழைக்கும் திட்டத்தை முதலில் நான்கு ஜில்லாக்களில் தொடங்கியது. நமக்கு அடுத்த ராணிப்பேட்டை அதில் ஒன்று. திட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. தறிக்கூடத்துக்கும் கரும்புக் காட்டுக்கும் வர வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது: சோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலி கொடு. நர்சைத் தறிக்கூடத்துக்கு அனுப்பு. நோய் கண்டால் சிகிச்சை முடியும்வரை பஸ் செலவும் சாப்பாடும் கொடு. 1960-ல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால் நகரியிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவனின் நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது. கார்டு எந்த ராஜ்யத்துடையது என்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்பாதே. நிரூபணமாகாத சோதனையை விளம்பரம் செய்து விற்க அனுமதிக்காதே. நிரூபணமானதும் அதைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாக வை.

விஞ்ஞானம் நம் மூச்சைக் கேட்கக் கற்றுக்கொள்கிறது; நல்லது. அதற்கு முன்பே நம் குரலைக் கேட்கும்படி செய்வது நம் கையில் இருக்கிறது.