வழுக்கியாற்றங்கரையில் நடக்க ஒரு வழி வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்க நன்னீரோட்டம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டுநிலங்களில் விழும் மாரிமழையைத் திரட்டிக்கொண்டு, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் வயல்வெளிகளை ஊடறுத்து, வழியிலுள்ள குளங்களையும் கேணிகளையும் நிரப்பி, ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரம் தெற்கும் மேற்குமாக நடந்து, ஈற்றில் அராலியில் யாழ்ப்பாணக் கடனீரேரியைச் சேரும் வழுக்கியாறே அது. இந்த ஆற்றின் கரைவரம்பில், கந்தரோடையிலிருந்து அராலிக் கதவணை வரையில், எந்த மனிதரும் எந்த நாளிலும் தடையின்றி நடந்து செல்லத்தக்க ஒரு மண்பாதை ஒதுக்கப்பட்டு, எல்லைக்கல் நாட்டப்பட்டு, பொதுவுடைமையாகப் பிரகடனம் செய்யப்பட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். அதற்கான காரணங்களை விரித்துச் சொல்லுவதே இன்றைய தலையங்கத்தின் நோக்கமாகும்.

ஆண்டில் மூன்று நான்கு மாதங்கள் மாத்திரமே நீரோடி, பங்குனி சித்திரையில் வெடித்த களிமண்ணாகவும் ஆடு மாடுகளின் மேய்ச்சற்றரையாகவும் கிடக்கும் ஒரு பள்ளத்துக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே உளர். அவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆற்றை அதன் நீரைக்கொண்டே மதிப்பது உலக வழக்கம். ஆனால் குடாநாட்டின் நிலத்தியல்பை ஒருகணம் சிந்திப்போர், வழுக்கியாறு செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்திலே நடைபெறுகிறது என்பதை எளிதில் உணர்வர். நமது மண்ணின் கீழே இருப்பது வெடிப்பும் குகையும் மலிந்த சுண்ணாம்புக்கல். அக்கல்லினூடே இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லையாய் மிதந்து நிற்கிறது. நாம் கிணற்றிலிருந்து இறைப்பது அந்த வில்லையின் நீரையே. புத்தூர் நிலாவரையின் ஆழத்தில் மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் நிற்பதைக் கேள்விப்படாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. மலையுமில்லை, வற்றாத நதியுமில்லை என்ற நிலையில், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போகும் மழையை ஓரளவாவது தரித்து நிற்கச் செய்து நிலத்துக்குள் இறக்குவது இந்தப் பள்ளமும் அதனோடு தொடுக்கப்பட்ட குளங்களுமே. அராலியிலே கட்டப்பட்டுள்ள கதவணை, கடல்நீர் மேலேறி வயல்களைக் கெடுக்காதவாறும் மழைநீர் விரைந்து கடலுக்கு ஓடிவிடாதவாறும் காத்து நிற்பதும் இதே காரணம் பற்றியே. 2008 நவம்பர் இறுதியில் நிஷாப் புயல் கொணர்ந்த பெருமழையில் வலிகாமத்தின் தாழ்நிலங்கள் மூழ்கி, குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தபோது, நீர் போகும் வழியை அடைத்ததன் விளைவு எத்தகையது என்பதை நாம் கண்டறிந்தோம். கண்டறிந்தபின் மறந்தும் விட்டோம்.

நீரைப் பற்றி இவ்வளவு போதும். ஆற்றை அண்டி வாழும் ஜீவராசிகளைப் பற்றிச் சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறோம்; ஏனெனில் அவற்றைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். காலபோக நெல் முழங்காலளவு வளர்ந்து நிற்கும் கார்த்திகை மார்கழி நாட்களில், விடியற்காலையில் சண்டிலிப்பாய் வயல்வெளி வரம்பிலே நிற்பவர், கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமாக இறங்குவதையும், நீர்க்காகங்கள் மதகின்மேல் இறகை விரித்து உலர்த்துவதையும், நாணலின் மறைவிலே கானாங்கோழி தன் குஞ்சுகளுடன் ஒதுங்குவதையும், ஆட்காட்டி அலறிக்கொண்டு தலைக்குமேல் வட்டமிடுவதையும் காண்பர். மத்திய ஆசியாவிலிருந்தும் இமயத்துக்கு அப்பாலிருந்தும் குளிருக்கு அஞ்சிப் புறப்படும் உள்ளான்களும் மஞ்சள் வாலாட்டிகளும் தகைவிலான்களும் நீலவாற் பஞ்சுருட்டான்களும் நமது மாரியோடு வந்து, கோடை முற்றுமுன் திரும்பிவிடுகின்றன. மின்கம்பியிலும் மாட்டின் முதுகிலும் அமர்ந்து பூச்சி பிடிக்கும் கரிச்சானை நாம் நாள்தோறும் பார்த்துப் பழகிவிட்டபடியால் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதுவும், பற்றையோரத்திலே கூவும் கவுதாரியும், இலங்கையின் வடக்கு, வடமேற்கு வறள்நிலங்களுக்கு அப்பால் காண்பதற்கு அரியன. தென்னிலங்கைப் பறவை ஆராய்ச்சியாளன் அவற்றைக் காண்பதற்கென்றே பிரயாணம் செய்து இங்கே வரவேண்டியவனாக இருக்கிறான். நமது வீட்டுப் படலையில் வந்து நிற்கும் அதிதியை நாமே அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

கோடையிலும் இந்நிலம் பாழாகிக் கிடப்பதில்லை. குட்டைகளில் எஞ்சிய விராலையும் கெளுத்தியையும் நாடி மீன்கொத்திகள் காத்திருக்கின்றன. அறுவடை முடிந்த தரையில் உடும்பும் கீரியும் முயலும் சஞ்சரிக்கின்றன. வடலிகளிலும் பனைகளிலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடுகின்றன. வேலியோரப் பூவரசின்கீழ்ப் புலுனிகள் ஓயாது சச்சரவு செய்கின்றன. அராலிக்கும் கல்லுண்டாய் வெளிக்கும் இறங்கிவிட்டாலோ காட்சியே மாறிவிடுகிறது. நெல்வயல் தேய்ந்து உவர்த்தரை தோன்ற, கண்டற்செடிகள் தலைகாட்ட, கடனீரேரியின் ஆழமற்ற நீரிலே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும், பருவம் வாய்த்த ஆண்டுகளிற் பூநாரையும் நிற்கின்றன. நன்னீர் உவர்நீராக மாறும் படிகள் யாவற்றையும் ஒரே நாளின் நடையிலே கண்டுவிடத்தக்க இடம் குடாநாட்டில் வேறொன்று இருப்பதாக நாம் அறியோம்.

இனிச் சரித்திரம். கந்தரோடையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அங்கு கிடக்கும் சின்னஞ்சிறு தாதுகோபங்களைப் பற்றி நடந்த வாதப்பிரதிவாதங்கள் அவற்றிலும் ஏராளம். சிவில் சேவை உத்தியோகத்தரும் சரித்திர ஆசிரியருமான போல் ஈ. பீரிஸ் அவ்விடத்தை ஆராய்ந்து தமது கட்டுரைகளை 1917இலும் 1919இலும் வெளியிட்டார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையின் குழுவினர் அங்கே அகழ்ந்தபோது, பௌத்தச் சின்னங்களுக்கு மிக முற்பட்ட, கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் வழங்கிய பெருங்கற்கால மக்களின் குடியிருப்பு மண்ணின் கீழ்ப்படைகளிலிருந்து வெளிப்பட்டது. உரோம நாணயங்களும், இலட்சுமி உருவம் பொறித்த தகடுகளும், சக்கரக்கோடிட்ட மட்கலங்களும் அவ்வூரின் வாணிகச் சிறப்புக்குச் சாட்சியாகின்றன. ஆற்றின் கடைப்பகுதிக்கு அணித்தாயுள்ள ஆனைக்கோட்டையில், 1980களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை, அதே காலத்து அதே மக்களின் ஈமக்குழியிலிருந்து வந்தது.

இத்தனை சான்றுகள் கிடைத்திருந்தும், கந்தரோடை இன்று கம்பிவேலிக்குள் அடைபட்ட ஒரு காணித்துண்டாகவே யாத்திரிகர்களுக்குக் காட்டப்படுகிறது. பேருந்திலே வருகிறார்கள், கால்மணி நேரம் நின்று படம் பிடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். இந்தக் கற்கள் எவருடையவை என்ற ஒரே கேள்வி மாத்திரம் வேலியின் இரு பக்கத்திலும் எஞ்சி நிற்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மக்கள் ஏன் இவ்விடத்தைத் தேர்ந்து குடியேறினர் என்ற கேள்வி எழுவதேயில்லை. ஏனெனில் அதற்கு விடை சொல்லும் ஆறு வேலிக்கு வெளியே கிடக்கிறது. குளத்தையும், அதன்கீழ் விரியும் வயலையும், அவ்வயலினூடே கடனீரேரியை நோக்கிப் போகும் நீர்வழியையும் காலால் நடந்து கண்டவனுக்கு, நெல் விளைந்தபடியால் ஊர் உண்டாயிற்று, ஊர் உண்டானபடியால் வாணிகன் வந்தான், வாணிகனோடு நாணயமும் சமயமும் வந்தன என்பது உபதேசமின்றியே விளங்கும். தமிழர் பௌத்தராயும் இருந்தனர் என்ற உண்மையையும், அதைச் சொல்லுவதால் எவருடைய உரிமையும் குறைந்துபோவதில்லை என்ற உண்மையையும் விளக்குவதற்கு, நூறு மேடைப் பிரசங்கங்களிலும் இந்த நடை பயனுடையது என்பது நமது நம்பிக்கை.

கீழே செல்லச் செல்ல வேறு காலங்களின் சுவடுகள் எதிர்ப்படுகின்றன. தமிழ்ப் பாலர்களுக்கு ஆடிப்பிறப்பைப் பாட்டாக்கித் தந்த சோமசுந்தரப் புலவர் 1878இல் பிறந்தது நவாலியில். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினரி, சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பேரறிஞரை உருவாக்கியது வட்டுக்கோட்டையில். மேலே அளவெட்டி, தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போனதோடு, மகாகவி உருத்திரமூர்த்தியையும் ஈன்ற ஊர். இவற்றோடு, சொல்லாமல் விடத்தகாத துயரமும் இந்தக் கரையில் உண்டு. யுத்தத்துக்கு அஞ்சி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலே அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் 1995 ஜூலை 9ஆந் திகதி விமானக் குண்டுகள் விழுந்தன. தலைப்பகுதியோ 1990 முதல் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்தை ஒட்டிய பிரதேசமாய், உடையவர்களே கால்வைக்க இயலாத மண்ணாய்க் கிடந்தது. ஒரு தலைமுறைக்குத் தன் நிலத்தில் நடப்பதே விலக்கப்பட்டிருந்த நாட்டில், நடக்கும் உரிமையைச் சட்டபூர்வமாக நிலைநாட்டுவதற்குத் தனியான ஒரு அர்த்தம் உண்டு.

தற்போதைய நிலை யாது? கரையோர வயல்கள் சிறிது சிறிதாக மண்ணிட்டு நிரப்பப்படுகின்றன. வாய்க்கால்கள் மதிலுக்குள் அடங்கிவிடுகின்றன. மதகுகளின் அடியில் பிளாத்திக்கும் போத்தல்களும் குவிகின்றன. கல்லுண்டாய் வெளி நகரத்துக் கழிவைக் கொட்டும் இடமாகிவிட்டது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தெளிவாகவே தடைசெய்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை, கண்டு சொல்வாரில்லை. ஆறு வலிகாமம் வடக்கு, தெற்கு, தென்மேற்கு, மேற்கு என்ற நான்கு பிரதேச சபைகளினூடே ஓடுவதால், நான்கில் எதற்கும் அது தன் பிள்ளையாகவில்லை. நாள்தோறும் நாற்பது பேர் நடந்துபோகும் ஒரு வரம்பில் இரவோடிரவாக மண் கொட்டுவது கடினம். ஆகவே நாம் கேட்கும் பாதையை ஓர் உல்லாச வசதி என்று எவரும் எண்ணற்க.

கமக்காரர்களின் ஆட்சேபம் கௌரவத்துக்குரியது. காணியின் ஓரம் பறிபோய்விடும், பயிர் மிதிபடும், திருட்டுப் பெருகும், கதவுகளை விளையாட்டாகத் திறந்துவிடுவர் என்று அவர்கள் அஞ்சுவதற்குப் போதிய நியாயம் உண்டு. திணைக்களங்களின் திட்டங்களால் முன்பு பாதிக்கப்பட்டவர்கள் அவர்களே. எனவே பாதை, ஏலவே இருக்கும் அணைக்கட்டு வரம்பிலும் பொது ஒதுக்குநிலத்திலும் மாத்திரமே செல்லவேண்டும். தனியார் காணியில் ஒரு முழமேனும் பலவந்தமாக எடுக்கலாகாது. மோட்டார் வாகனம் எதுவும் அதில் ஏறலாகாது. விதைப்புக்கும் அறுவடைக்கும் எந்தப் பகுதியை எப்போது அடைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தந்த ஊர்க் கமக்காரர் அமைப்புகளிடமே இருக்கவேண்டும். வரம்பைப் பராமரிக்கும் கூலியும் அவர்கள் கைக்கே சேரட்டும். இந்நிபந்தனைகள் இன்றி வரும் எந்தத் திட்டத்தையும் நாமும் ஆதரிக்கமாட்டோம்.

இதனினும் பெரிய அபாயம், நமது கோரிக்கைக்குச் செவிசாய்ப்போரின் அளவுகடந்த உற்சாகத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு அழகூட்டுவதென்றால் இரு கரையையும் கொங்கிறீற்றால் மெழுகி, வர்ணக் கற்கள் பதித்து, இரவெல்லாம் எரியும் விளக்குகளை நிறுத்துவது என்றே நமது பொறியியல் அலுவலகங்களில் விளங்கிக்கொள்ளப்படுகிறது. கொங்கிறீற்றுக் கரையில் நாணல் முளைக்காது. நாணலின்றிக் கானாங்கோழி இல்லை. அடித்தளமும் சீமெந்தாகிவிட்டால் நீர் நிலத்துக்குள் இறங்காமல் நேரே கடலுக்கு ஓடும். வேறுவிதமாகச் செய்யலாம் என்பதற்கு உதாரணம் தேடி மேல்நாடு போகவேண்டியதில்லை. பழைய கோட்டை இராச்சியத்தின் தலைநகர் இருந்த இடத்திலே, பெத்தகான ஈரநிலத்தினூடே மரப்பலகை நடைபாதைகள் அமைத்து, சதுப்பைச் சதுப்பாகவே விட்டிருக்கிறார்கள். அத்தகைய ஈரநிலங்களைப் பேணியதற்காகவே கொழும்பு மாநகரம் 2018இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. சென்னையிலே, குப்பைமேடாகிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கர் நிலம் திருத்தப்பட்டு, 2011இல் அடையாறு பூங்காவாகத் திறக்கப்பட்டபின் பறவைகள் மீண்டு வந்தன. நமக்கு இவற்றைப்போல் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. வரம்பு உயர்த்திய மண், வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் பனங்குற்றிப் பாலம், ஊர்ப்பெயரும் வரலாறும் பறவைகளின் பெயரும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய சில பலகைகள், நிழலுக்கு ஆங்காங்கே மருதும் நாவலும் வேம்பும்: இவ்வளவே போதுமானவை.

பாதைக்கு முன் எல்லை வேண்டும். நில அளவைத் திணைக்களம் ஆற்றின் இரு கரையையும் அளந்து கல் நாட்டும் வேலையை, ஆறு வறண்டு கிடக்கும் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். மாரி வந்துவிட்டால் மேலும் ஓர் ஆண்டு வீணாகும். அளவை முடிந்தவுடன் கந்தரோடைக் குளத்திலிருந்து சண்டிலிப்பாய் வரையான துண்டை முதலில் திறந்து, அதில் கண்ட குறைநிறைகளைக் கொண்டு அராலி வரை நீட்டலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல், புவியியல், தொல்லியல் மாணவர்களைக்கொண்டு பறவைகளையும் கிணற்றுநீரையும் பழைய மதகுகளையும் பதிவுசெய்யத் தொடங்குவதற்குப் பாதை வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. 2025 மேயில் மக்கள் தெரிந்தெடுத்த நான்கு பிரதேச சபைகளும், கமநல அபிவிருத்தித் திணைக்களமும், தொல்லியற் திணைக்களமும், கமக்காரர் அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி இவற்றில் ஒன்றும் நடைபெறாது. கந்தரோடை வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருப்பதால், முதற் கூட்டத்துக்கான அழைப்பு அச்சபையிலிருந்தே புறப்படட்டும்.