தோழி அறத்தொடு நிற்பது எங்ஙனம்?

அகவாழ்வுக்கு இலக்கணம் கண்ட தமிழர், தோழிக்கு அதிலே தனி இடம் தந்தனர். தலைவியின் காதலை முதலில் அறிபவள் தோழி. காலமறிந்து அதனைச் செவிலிக்கு உரைப்பவளும் அவளே. செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் உரைப்பாள். இதற்கு முன்னோர் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'. தோழி வாய்திறப்பதைக் காட்டிக்கொடுத்தல் என்று அவர்கள் கருதவில்லை. அறம் என்றே போற்றினர்!

அந்த அறத்தோடு மலையகத்துத் தோழி ஒருத்தி இன்று நிற்க முடியுமா?

ஹட்டனை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரே லயத்தில் பிறந்து, ஒரே குடையின்கீழ் பள்ளிக்கு நடந்து, பதினேழு வயதை எட்டிய இரு பெண்கள். அவர்களுள் ஒருத்தியின் நெஞ்சம், உடன் பயிலும் வேறொரு பெண்ணை நாடுகிறது. அப்பெண்ணும் இவளை விரும்புகிறாள். முகம் மாறியதைக் கண்ட உயிர்த்தோழி, "ஏன்டி, என்னிடமுமா மறைக்கிறாய்?" என்று கேட்கிறாள்.

என்ன விடை பகர்வாள்? சொன்னால், தோழியின் தலையில் ஒரு 'குற்றத்தின்' இரகசியத்தை ஏற்றியவளாவாள். நாளை தோழியின் தாய் வினவினால், அவள் பொய்யுரைக்க நேரும். சொல்லாவிடிலோ, பிள்ளைப் பருவ நட்புக்கே துரோகம்! அடுத்த வீட்டு இருமலும் கேட்கும் லயத்துச் சுவர்களுக்குள்ளே அவள் வாயடைத்து நிற்கிறாள்.

இந்த வாய்ப்பூட்டை இட்டது யார்? வெள்ளையர் ஆட்சியில் தண்டனைச் சட்டக்கோவையில் புகுந்த 365அ பிரிவு, தொடக்கத்தில் ஆண்களையே குறித்தது. சுதந்திர இலங்கை அந்த விலங்கை உடைத்ததா? இல்லை, 1995இல் திருத்தம் செய்து பெண்ணுக்கும் பூட்டியது! தண்டனை இரண்டாண்டு வரை சிறை. சட்டம் செயலையே தண்டிக்கிறது, உணர்வைத் தண்டிப்பதில்லை என்பர் சட்டம் கற்றோர். தோட்டத்து வம்புப் பேச்சு அந்த வேறுபாட்டை அறியுமா?

ரோசன்னா ஃபிளேமர்-கல்தேரா தொடுத்த முறையீட்டில், இச்சட்டம் பெண்ணுரிமையை மீறுகிறது என்று ஐக்கிய நாடுகளின் பெண்ணுரிமைக் குழு 2022இல் தீர்ப்பளித்தது. இதனை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என்று உயர் நீதிமன்றமும் 2023இல் உரைத்தது. எனினும், மசோதா நிறைவேறாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2018லேயே இத்தகைய சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டது.

பண்பாடு பாழாகும் என்பாருக்கு ஒரு சொல். சிறுவருக்குத் தீங்கிழைப்போரைத் தண்டிக்கும் பிரிவுகள் இருக்கட்டும், இன்னும் இறுகட்டும். நாம் கேட்பது வேறு. 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, அக்கறை முற்றிலும் நீங்க 2003 வரை காத்திருந்த மக்கள் நாம். 'சட்டமாயிற்றே' என்று தலைகுனிவது நமக்குத் தகுமா?

அந்தக் காதல் கனியலாம், கருகலாம். தோழியர் பிணங்கலாம், அழலாம், மீண்டும் கூடலாம். அது அவர்கள் பாடு, இளமையின் பாடு. அதனிடையே சிறைக்கதவுக்கு என்ன வேலை?

சட்டத்தை நீக்குங்கள். தோழி அறத்தொடு நிற்கட்டும்!